பூசணிக்காய் அறுத்த கிரகணம்

மைக்கின் முன்னால் நின்றுகொண்டு எங்கள் சயின்ஸ் சார், “கையை எடும்மா, எல்லாரும் பார்க்கட்டும்” என்று சொன்ன அந்த நொடி எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. சிங்காநல்லூரில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் போட்ட மேடை. மேலே இரண்டு டியூப்லைட். நான் அப்போது பத்தாம் வகுப்பு. மேலுதட்டைக் கையால் மூடிக்கொண்டு நிற்கிறேன். எதிரே பெஞ்சிலும் தரையிலுமாக ஊரே உட்கார்ந்திருக்கிறது. பிறக்கும்போதே என் மேலுதடு பிளந்திருந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போதே பெரிய ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள் என்றாலும், மூக்கிலிருந்து உதடு வரைக்கும் ஒரு தழும்பு தங்கிவிட்டது. கையை எடுத்தேன். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது என்று எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளந்தால் சார் போகட்டும் என்றுதான் தோன்றியது.

இத்தனைக்கும் சார் நல்ல மனிதர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். செய்தித்தாளில் அறிவியல் என்று எது வந்தாலும் வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுவார். மனிதனின் ஜீன்களை ஒன்றுவிடாமல் கண்டுபிடித்து வரிசைப்படுத்தப் போகிறார்களாம் என்று ஒரு துண்டு. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்வதைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா, மக்களாகத் திருந்த விடலாமா என்று ஒரு துண்டு. தொண்ணூறுகளின் நடுவில் அந்த வருஷம் தீபாவளியை ஒட்டிச் சூரிய கிரகணம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளை வெளியே விட்டுப் பார்க்க வைக்கலாமா, வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கலாமா என்று ஊரெல்லாம் ஒரே வாக்குவாதம். சாருக்கு அதில் சந்தேகமே கிடையாது. கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாரும் மைதானத்துக்கு வரவேண்டும், கர்ப்பிணிகளும் வரலாம். அதற்கு ஊரைத் தயார் செய்யத்தான் முன்கூட்டியே அந்தக் கூட்டம்.

எங்கள் வீட்டில் கிரகணம் என்ற பேச்சே ஆகாது. அம்மா என்னை ஆறு மாதமாகச் சுமந்திருந்தபோது ஒரு பெரிய சூரிய கிரகணம் வந்தது. அன்றைக்கு அவள் அடுப்படியில் பூசணிக்காய் அறுத்தாள், அதனால்தான் என் உதடு அறுந்தது என்பது குடும்பத்தில் எல்லாரும் அறிந்த கதை. அறிய வைத்தவர் அத்தை, அப்பாவின் அக்கா. சீர் என்றாலும் கல்யாணம் என்றாலும், புதிதாக யாராவது என் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார். “கம்முனு படுத்துக் கெடடீன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்க. கேட்டாளா? பூசணிக்காயப் போட்டு அறுத்துப்போட்டா. பாவம், புள்ளைக்கு வந்து விடிஞ்சுது.” அம்மா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருப்பாள். எனக்கு அம்மாவை நினைத்தால் கேவலமாக இருக்கும். ஒரு வேளை காய் இல்லாமல் சோறு இறங்காதா இவளுக்கு? பஸ் ஸ்டாண்டில் அவளோடு சேர்ந்து நிற்கமாட்டேன், பத்தடி தள்ளித்தான் நிற்பேன்.

இந்தக் கதை எப்படியோ சார் காதுக்குப் போய், ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா காபி கொடுத்தாள். “கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தீங்களாம்மா? காய் ஏதும் வெட்டுனீங்களா?” என்று கேட்டார். அத்தை அன்று வீட்டில் இல்லை. அம்மா சிரித்துக்கொண்டே, “நான் எங்கீங்க வெளிய போனேன்? கதவச் சாத்திட்டுப் பாய்ல படுத்தவதான், முடிஞ்சப்பறம்தான் எந்திரிச்சேன்” என்றாள். நான் திறந்த வாயை மூடவில்லை. சாருக்கு ஒரே சந்தோஷம். இதையே கூட்டத்தில் வந்து சொல்லவேண்டும் என்றார். “ஆகட்டுங்க சார், பாக்கலாமுங்க” என்றாள் அம்மா. எங்கள் பக்கம் யாரும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லமாட்டார்கள். பாக்கலாமுங்க என்று இழுத்தால் எதிராளியே புரிந்துகொண்டு விட்டுவிடுவார். சார் தெற்கத்திக்காரர், கூட்டத்தன்று கூட்டிப்போக வாசலில் வந்து நின்றுவிட்டார். வீடு தேடி வந்த வாத்தியாரைத் திருப்பி அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். அம்மா மேல் தப்பில்லை என்று ஊருக்கே தெரியப்போகிறது, இனி அவள் பக்கத்தில் நான் தலைநிமிர்ந்து நிற்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மேடை ஏறினேன்.

என்னைக் கையெடுக்கச் சொன்ன பிறகு சார் நேராக விஷயத்துக்கு வந்திருக்கலாம். படித்தவர் இல்லையா, முதலில் விளக்கம் சொன்னார். இந்தக் குறைக்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமே இல்லை, இரண்டாம் மாதம் முடிவதற்குள்ளேயே உதடு உருவாகிவிடுகிறது, இது பல குடும்பங்களில் ரத்தத்தோடு வருவது, சொந்தத்தில் கட்டினால் இன்னும் கூடலாம், இந்தப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்தான் என்று மைக்கில் சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். “சொல்லுங்கம்மா, அன்னிக்கு வெளியே வந்தீங்களா?” முன்வரிசையில் அத்தை தன் இரண்டு பெண்களோடு உட்கார்ந்திருந்தார். அம்மா அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வந்தேனுங்க” என்றாள். “பூசணிக்கா அறுத்தேனுங்க சார். என்ற தப்புத்தானுங்க.”

கூட்டம் சிரித்தது. சார் முகத்தில் ஈயாடவில்லை. நான் மேடையிலிருந்து இறங்கி ஓடினேன். அம்மா பின்னாலேயே “கண்ணு, கண்ணு” என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள், நான் திரும்பவே இல்லை. கிரகணத்தன்று மைதானத்தில் சாரும் நாலைந்து பையன்களும்தான் நின்றார்களாம். அதற்கப்புறம் ஒரு நாள் சார் என்னை வராந்தாவில் நிறுத்தி, “உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா” என்று மட்டும் சொன்னார். அம்மாவைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சாரிடம் வீட்டில் ஒரு பொய், மேடையில் ஒரு மெய், இவளும் ஒரு பெண்பிள்ளையா என்று வருஷக்கணக்கில் நினைத்திருந்தேன்.

அத்தை பெண்கள் இருவருக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. எனக்கும் சொந்தத்துக்கு வெளியே அசலில்தான் மாப்பிள்ளை அமைந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் உதட்டைப் பற்றிக் கேட்டபோது பூசணிக்காய்க் கதையை அத்தைதான் சொன்னார். அவர்கள் “அட பாவமே” என்றதோடு விட்டுவிட்டார்கள். நான் உயிரியல் படித்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டீச்சரானேன். முதல் பிரசவத்துக்கு முன்னால் ஸ்கேன் எடுக்கப் போனபோது அம்மா துணைக்கு வந்தாள். டாக்டர் என் தழும்பைப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா கதவைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் டீ வாங்க வெளியே போயிருந்தார்.

“எனக்கு மூத்தவன் ஒரு அண்ணன் இருந்தானுங்க” என்றாள் மெதுவாக. “இவளுக்கு இருந்தாப்பலயே. அவனுக்கு வாய்க்குள்ள அண்ணமும் பொளந்திருந்துச்சாமா. பால் உறிஞ்ச முடியாமயே போயிட்டான்னு எங்கம்மா சொல்லுவாங்க.”

பயப்பட ஒன்றுமில்லை, கவனமாகப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். அப்புறம், “அப்பப் பூசணிக்காய்?” என்றேன்.

“எந்தப் பூசணிக்கா? நானும் உன்ற அத்தையும் பேசி வெச்சுக்கிட்டதுதான் கண்ணு. ரெண்டு குடும்பமும் ஒரே ரத்தமாச்சே. வம்சத்துல இருக்குதுன்னா அவ பொண்ணுகள ஆரு கட்டுவாங்க, உன்னைய ஆரு கட்டுவாங்க? என்ற தப்புன்னா என்னோட போச்சு.”

வெட்கமாக இருந்தது. பத்தடி தள்ளித் தள்ளி நின்ற பஸ் ஸ்டாண்டெல்லாம் ஞாபகம் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் கதவைத் திறந்துகொண்டு என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். “டாக்டர் என்ன கேட்டாங்க? உங்க வம்சத்துல ஆருக்காச்சும் இப்பிடி இருக்குதான்னு கேட்டாங்களா?” என்றார்.

எந்தக் குணம் எந்தத் தலைமுறையில் எப்படி வரும் என்று கரும்பலகையில் வருஷா வருஷம் படம் போட்டுக் காட்டுகிறவள் நான். வயிற்றில் இருப்பது பெண்ணாக இருந்தால் என்று ஒரு நினைப்பு ஓடியது, அவ்வளவுதான்.

“கேட்டாங்க” என்றேன். “அப்பிடியெல்லாம் ஆருக்கும் கெடையாதுங்கன்னு சொல்லிட்டோம்.”

அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.