குங்கிலியத்தில் ஒட்டிய கண்ணாடி

எங்கள் சித்தப்பாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஒரு காரியத்தைக் கெடுப்பதென்றாலும் முழுசாகத்தான் கெடுப்பார்.

கொழும்பில் குண்டு விழுந்த சேதி வந்தபோது தூத்துக்குடியில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு விளாத்திகுளம் பக்கம் சொந்தக்காரர் வீடுகளைத் தேடிப் போய்விட்டார்கள். சித்தப்பா போகவில்லை. அவரிடம் ஒரு பிளஷர் கார் இருந்தது. திருச்செந்தூருக்கும் திருநெல்வேலிக்கும் வாடகைக்கு ஓடிய கார். அதை விட்டுவிட்டு எங்கே போவது? குண்டு விழுந்தால் கண்ணாடி சிதறி ஆளைக் குத்தும், குறுக்கும் நெடுக்குமாகத் துணி ஒட்டிவைக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். உடனே தாத்தாவின் பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, மைதாப் பசை தடவிக் காரின் முன் கண்ணாடியில் உள்ளும் புறமும் ஒட்டினார். கடற்காற்றின் ஈரத்தில் மறுநாளே எல்லாம் உரிந்து தொங்கியது. சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே திரேஸ்புரத்துக்குப் போய், தோணிப் பலகை இடுக்கில் பஞ்சோடு சேர்த்து அடைக்கிற குங்கிலியத்தை, எண்ணெய் விட்டுக் காய்ச்சியது, ஒரு சட்டி நிறைய வாங்கிவந்தார்.

"தோணியே பிரியாது மதினி, துணியா பிரியப் போகுது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

பிரியவில்லைதான். குண்டும் விழவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் போனதால் கார் கொட்டகைக்குள் போய் நின்றது. துணி நாடாக்களோடு, கண்ணுக்குக் கட்டுப் போட்ட நோயாளி மாதிரி, சண்டை முடிகிறவரை அங்கேயே நின்றது.

அந்தக் காருக்குள் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது, பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற கண்ணாடி. அதன் இரும்புக் காம்பு உப்புக் காற்றில் எப்போதோ இற்றுப்போனதால், ரப்பர் கிண்ணம் ஒன்றை வைத்து முன் கண்ணாடியிலேயே பதித்திருந்தார் சித்தப்பா. துணி ஒட்டுவதற்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றியபோது அத்தை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. அவள் வீட்டுக்காரர், என் மாமா, கல்யாணமான சூட்டோடு சிங்கப்பூரில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு அவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. இருக்கிறாரா, இல்லையா என்று சொல்ல ஆளில்லை. அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தினமும் காலையில் அந்தக் கார்க் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்துப் பொட்டு வைத்துக்கொள்வாள். சொந்தக்காரப் பெண்கள் வந்தால் சும்மா இருக்க மாட்டார்கள். "இன்னும் யாருக்குளா இந்தப் பொட்டு?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். மறுநாள் பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

சண்டை முடிந்து சில மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. மாமா உயிரோடு இருக்கிறார். நாளைக் கப்பலில் வருகிறார்.

அத்தை அழுவாள் என்று எல்லோரும் அவளைச் சுற்றி நின்றோம். அவள் அழாமல் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிய வீட்டையே மறுபடியும் பெருக்கத் தொடங்கினாள். சித்தப்பாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளையை வழியனுப்பினது என் கார்ல. கூட்டிட்டு வாரதும் என் கார்லதான்" என்று சத்தம் போட்டார். எங்கெங்கோ அலைந்து இரண்டு டின் பெட்ரோல் கொண்டுவந்தார். காரும் பெரிய மனசு பண்ணி உறுமியது. முன் கண்ணாடிதான் பாக்கி.

மறுநாள் விடிந்ததிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டுச் சங்கு ஊதும். ஆட்களைப் படகில் இறக்கிக் கொண்டுவருவார்கள். சங்கு எப்போது ஊதும் என்று யாருக்கும் தெரியாது. காலையிலும் ஊதலாம், சாயங்காலமும் ஊதலாம். ஊதுவதற்குள் கண்ணாடி தெளிய வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை வருஷம் கழித்து வருகிற மனுஷன், வரவேற்க ஆளில்லாமல் படகுத்துறையில் தனியாக நிற்பார்.

சித்தப்பா முதலில் நாடாக்களைப் பிடித்து இழுத்தார். துணி கையோடு வந்தது; குங்கிலியம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. தேன் நிறத்தில் தழும்பு தழும்பாக, மேலே பழைய தூசும் உப்பும் அப்பி, அந்தப் பக்கம் பகலா இரவா என்றுகூடத் தெரியவில்லை. வெந்நீர் ஊற்றினார், அது அசைந்து கொடுக்கவில்லை. கத்தியை எடுத்துச் சுரண்டினார். கர்ர்ரென்று ஒரு சத்தம். கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல்.

"கத்திய வைங்க தம்பி! குங்கிலியம் போகுதோ இல்லையோ, கண்ணாடி போயிரும்" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"பின்ன எப்படி எடுக்கது? மண்ணெண்ணெய் இருக்கா?"

"மண்ணெண்ணெய்க்கு நான் எங்க போவேன்? ரேஷன்ல வாங்கினது போன வாரமே தீந்துபோச்சு. பலாப்பழப் பிசினு கையில ஒட்டினா என்ன செய்தோம்? எண்ணெய் போட்டுத் தேய்க்கணும். இதுவும் பிசினுதானே?"

தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்து அம்மாவே துணியில் தோய்த்துத் தடவினாள். தடவிய இடம் கொஞ்ச நேரத்தில் இளகியது. சுரண்டுவதற்கு என்னை அனுப்பி முத்துச்சிப்பி ஓடு பொறுக்கி வரச்சொன்னாள். மாங்காய் தோல் சீவ நாங்கள் வைத்துக்கொள்கிற ஓடுதான். எங்கள் வீட்டுக் கொல்லையில் அதற்குப் பஞ்சமில்லை. ஓட்டின் விளிம்பு பட்ட இடத்தில் குங்கிலியம் சுருள் சுருளாக வந்தது, கீறல் விழவில்லை. அம்மா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், நடுவில் பானெட்டின் மேல் ஏறி நான். அத்தை மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வாசலுக்கு வருவாள், கடல் பக்கம் காதைக் கொடுப்பாள், உள்ளே போவாள். சேலையை மாற்றுவாள். மறுபடியும் வந்தால் வேறு சேலை. எனக்கு அவளைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. எல்லோரும் எண்ணெயும் பிசினுமாகக் கிடக்கிறோம், இவள் ஒரு கை கொடுத்தால் என்ன?

பாதிக் கண்ணாடிதான் தெளிந்திருக்கும், சங்கு ஊதிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது, கலவரம் என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. சித்தப்பா தன்னையே திட்டிக்கொண்டு சுரண்டினார். அம்மா சீயக்காய்த் தூளை அள்ளிப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினாள். ஒருவழியாக முன் கண்ணாடி தெளிந்தபோது காருக்கு எண்ணெய்க் குளியல் முடிந்த வாசனை வந்தது. சித்தப்பா சட்டை மாற்றத் திரும்பினார்.

அப்போதுதான் அத்தை அந்தச் சின்னக் கண்ணாடியோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இதையும் மாட்டிருங்க."

"அதுக்கு இப்ப என்னளா அவசரம்? பின்னால என்ன ஜப்பான்காரனா வாரான், பாக்கதுக்கு?"

"அவுக போகையில இருந்துச்சு. வரும்போதும் இருக்கணும்."

சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ரப்பர் கிண்ணத்தை எச்சில் தொட்டு அழுத்தினார். இத்தனை வருஷத்தில் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. கண்ணாடி, முன் சீட்டில் ஏறியிருந்த என் மடியில் விழுந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி விழுந்தது. "விடுளா, நேரமாச்சு" என்றார்.

"கண்ணாடி இல்லாம நான் வரலண்ணே" என்றாள் அத்தை. அன்றைக்கு அதுவரை அவள் வாயிலிருந்து வந்த பேச்சே அவ்வளவுதான். ஆனால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்பது சித்தப்பாவுக்கே தெரிந்தது.

துணி ஒட்டி மீந்த குங்கிலியம் பழைய சட்டியின் அடியில் கல்லாகக் கிடந்தது. விடிந்ததிலிருந்து எதைத் திட்டித் திட்டிச் சுரண்டினாரோ, அதையே அடுப்பில் வைத்து உருக்கி, ரப்பர் கிண்ணத்தில் தடவி ஒட்டினார் சித்தப்பா. "கெட்டியாப் பிடிச்சிக்கோ, ஆடாம. இறுகினதும் விடு. வழியில விழுந்துச்சுன்னா நீதான் பொறுப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சட்டையைத் தேடிப் போனார்.

முன் சீட்டின் இடது பக்கத்தில் முட்டி போட்டு நான் கண்ணாடியைப் பிடித்திருந்தேன். அத்தை பின்னால் ஏறி உட்கார்ந்தாள், டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னே.

"கொஞ்சம் இங்கன திருப்பு" என்றாள் மெதுவாக. "இன்னும் கொஞ்சம். இப்ப நல்லா உக்காந்து பாரு. நான் தெரியுதேனா?"

"தெரியுதீங்க அத்தை."

"முகம் முழுசும் தெரியுதா?"

"பொட்டெல்லாம் தெரியுது."

"அப்படியே வச்சிரு. அசைக்காத."

குங்கிலியம் இறுகியது. துறைமுகம் போகிறவரை நான் அந்தக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, பொறுப்பு என்னுடையதாயிற்றே. கண்ணாடிக்குள் அத்தையின் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் என்னைப் பார்ப்பதாகத் தோன்றவில்லை. சித்தப்பா ஹாரன் அடிப்பதிலேயே குறியாக இருந்ததால் கண்ணாடிப் பக்கம் திரும்பவேயில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது படகு அப்போதுதான் கரையைத் தொட்டது. இறங்கியவர்களில் மாமா யார் என்று எனக்குத் தெரியவில்லை. கறுத்து, மெலிந்து, முன்மண்டை வழுக்கையாகி ஒருவர் சித்தப்பாவைப் பார்த்து நின்றார். சித்தப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசினார், பெரும்பாலும் குங்கிலியத்தைப் பற்றி. அத்தை காருக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நின்றாள். அண்ணன் நிற்கும்போது புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மாமாவும் அவள் பக்கம் திரும்பவில்லை. இத்தனை நாள் கழித்து வந்தவர் என் தலையை மட்டும் தடவினார். இதற்கா இவ்வளவு பாடு என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

வழக்கப்படி ஆண்கள் முன்னால் ஏறினார்கள். நான் இருந்த இடத்தில் மாமா உட்கார்ந்தார்; நான் பின் சீட்டுக்கு, பழைய இடத்திலேயே உட்கார்ந்த அத்தைக்குப் பக்கத்தில், வந்துவிட்டேன்.

கடற்கரைச் சாலையில் திரும்பும்போதுதான் சித்தப்பா கவனித்தார். "என்ன கண்றாவி இது? பின்னால வார வண்டி ஒண்ணும் தெரியல. காரோட கதவுதான் தெரியுது. பிள்ள கோணலா ஒட்டிருக்கு பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்று அதைத் திருப்பக் கையை நீட்டினார். அத்தை திருப்பச் சொன்னாள் என்று சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். அவள் விரல்கள் என் கையை இறுக்கிப் பிடித்தன.

மாமா சித்தப்பாவின் கையைத் தடுத்தார்.

"கிடக்கட்டும் மச்சான். நல்லாத்தான் இருக்கு."

துறைமுகத்திலிருந்து வீடு வரைக்கும் அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். சாலையைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை, சித்தப்பா காட்டிய புதுக் கட்டடங்களையும் பார்க்கவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன. கண்ணாடி விழுந்து மேலே குத்திவிடுமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். பாவம், சண்டையில் அகப்பட்டு வந்தவர்.

"பயப்படாதீங்க மாமா. குங்கிலியம் போட்டு ஒட்டியிருக்கு. விழவே விழாது" என்றேன்.

சித்தப்பா சிரித்தார். மாமா தலையை ஆட்டினார், கண்ணை மட்டும் எடுக்கவில்லை. அத்தையும் எப்போது தலையை நிமிர்த்தினாளோ, அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இவ்வளவு சொல்லியும் இரண்டு பேருக்கும் என் வேலையில் நம்பிக்கை இல்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.