நெவா கோரிச்சின் திருப்புளி

புதிதாக வந்த ஸ்கீ பலகை ஜோடியை மடியில் குறுக்காகக் கிடத்தி, திருப்புளியை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே நெவா கோரிச் சொன்னாள்: "இந்த மலையில பத்தாயிரம் ஜோடிக்கு பைண்டிங் மாட்டியிருக்கேன். என் கை பட்டதுல ஒரு முட்டிகூடப் போனதில்ல."

வேலிக்கு அந்தப் பக்கம், தீயணைப்புக் குழுவுக்கு நிதி சேர்க்க சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்த கெல்வின் இடுக்கியை உயர்த்தினான். "பத்தாயிரமா? ஜிண்டபைன் ஊர்ல அத்தனை முட்டி கிடையாதே, நெவா!"

"சரி, ஏழாயிரம்னு வச்சுக்கோ. மிச்சம் மூவாயிரம் வாய்க்கு ருசியா இருக்கட்டும்னு சேர்த்தது."

எண்ணிக்கையில் நெவா எப்போதும் தாராளமாக இறங்கி வருவாள். முட்டி விஷயத்தில் மட்டும் இறங்கி வந்ததே இல்லை.

ஜூன் மாத நீண்ட விடுமுறையின் சனிக்கிழமை. உலகின் இந்தத் தென்பாதியில் பனிப்பருவம் தொடங்கும் நாள். மலையில் பனி மட்டும் இன்னும் தொடங்கவில்லை. வருடம் ஒருமுறை நடக்கும் பழைய பலகை விற்பனைக்காக நெவாவின் கார் ஷெட் கதவு காலை ஏழுக்கே மேலே சுருண்டுவிடும். வேலியோரம் பழைய ஸ்கீ பலகைகள் தண்டனை பெற்ற பள்ளிப்பிள்ளைகளைப்போல வரிசையாகச் சாய்ந்து நிற்கும். ஸ்கீ வாடகைக் கடையின் பட்டறையில் முப்பது வருடம் குனிந்த முதுகு. இப்போது நிமிர்ந்தாலும் பாதிதான் நிமிர்கிறது. பக்கத்தில் செம்புக் குவளையில் பால் விடாத காப்பி. சுரங்கம் தோண்ட ஸ்லோவேனியாவிலிருந்து வந்த அப்பன் விட்டுப்போன சொத்து அந்தக் குவளை ஒன்றுதான். உள்ளே இருப்பதைக் கெல்வின் தார் என்பான். தினமும் இரண்டு கோப்பை தார் வாங்கிக் குடிக்கவும் செய்வான்.

விற்க வரும் எந்த ஜோடியானாலும் அவள் செய்யும் முதல் வேலை, பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கின் எண்ணை அடிமட்டத்துக்கு இறக்குவது. எவ்வளவு வேகமாக விழுந்தால் பைண்டிங் பூட்ஸை விட்டுவிடும் என்பதை அந்த எண்தான் சொல்கிறது. சின்ன எண் சீக்கிரம் விடும். பெரிய எண் விடாது. அந்தக் கணக்கை முட்டி தீர்க்கும். திருகை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஒரு எண் நகரும்.

"முந்தினவன் எண் அடுத்தவன் காலுக்குப் போகக்கூடாது. ஊரான் பல்செட்டை நீ மாட்டிக்குவியா?" என்பாள்.

பலகையைத் தடவிப் பார்த்தே பழைய சொந்தக்காரரின் ஜாதகம் சொல்வாள். வாலடியில் கீறல் இருந்தால் பின்பக்கமாக இறங்கும் ஆசாமி. நடு விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால் இரும்புக் குழாய்மேல் சறுக்கிய ஆசாமி. மூன்று பேர் மூன்று பூட்ஸ் அளவுக்குத் துளை போட்டு மாட்டிய பலகையை ஒருவன் கொண்டுவந்து, இன்னொரு முறை துளையிடச் சொன்னான். "இது பலகை இல்ல தம்பி, புல்லாங்குழல்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வாங்குபவர்கள் எடை, வயது, எப்படிச் சறுக்குவார்கள் என்று ஒரு தாளில் நிரப்ப வேண்டும். அந்தத் தாளை அவள் படிப்பதில்லை. பெண்கள் ஐந்து கிலோ குறைப்பார்கள். ஆண்கள் 'பாய்ந்து சறுக்குபவர்' என்ற கட்டத்தில் கூசாமல் குறி போடுவார்கள். தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்து, "எண்பத்தி நாலு," என்பாள் இறைச்சிக்கடைக்காரியைப்போல. எண்பத்தி நாலாகத்தான் இருக்கும்.

ஷெட்டின் உள்சுவரில், ஆணியில், ஊதா நிறத்தில் ஓர் அகல ஜோடி. இரண்டு நுனியும் மேலே வளைந்தது, பைண்டிங் நட்டநடுவில் பொருத்தியது. தாவிச் சுழன்று முன்னாலும் பின்னாலும் இறங்குபவர்களுக்கானது. மகள் பிரையனியுடையது. ஒன்பது வருடமாகத் தொங்குகிறது. அந்த வீட்டுக்குள் வந்த ஜோடிகளில் எண் இறக்கப்படாதது அது ஒன்றுதான். பைண்டிங்கின் சின்னச் சன்னலுக்குள் வெள்ளைக் கோடு பதினொன்றில் நிற்கிறது.

யாராவது எண்ணைக் கூட்டச் சொன்னால் நெவா அந்த ஜோடியை இறக்கிக் காட்டிக் கதை சொல்வாள். "ஏழுல வச்சுக் குடுத்தேன். போட்டியன்னிக்குக் காலையில மகாராணி தானே திருப்புளிய எடுத்துப் பதினொண்ணுக்கு முறுக்கிக்கிட்டா. பின்பக்கமா எறங்கினா. பலகை கழலல, முட்டி ஜவ்வு கழண்டுது." முதல் வருடக் கதையில் மகள் தாவிய உயரம் மூன்று மீட்டர். போன வருடக் கதையில் அவள் நாற்காலி லிஃப்டுக்கு மேலே பறந்துகொண்டிருந்தாள். ஜவ்வு கிழிந்த சத்தம் பக்கத்து மலையில் கேட்டது. கேட்டவர்கள் பேசாமல் ஏழுக்கு ஒத்துக்கொள்வார்கள். பிரையனிக்கு ஊர் வைத்த பெயர், திருப்புளி.

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக இந்த விற்பனை நாளில் பிரையனி வந்திருந்தாள். குவின்பியனில் இரும்புக்கடையில் வேலை. வயது இருபத்தெட்டு. குளிரில் இடது காலை அரைக்கணம் தாமதித்துத்தான் வைக்கிறாள். ஊர் ஸ்கீ சங்கத்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை கமிட்டி முடிவு செய்கிறது. கெல்வினும் அந்தக் கமிட்டியில் ஒருவன்.

வியாழக்கிழமை தொலைபேசியில் தாயிடம் சொல்லியிருந்தாள்: "நேர்காணல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? சொந்த பைண்டிங்கையே முறுக்கினவ குழந்தைங்க பைண்டிங்கை என்ன பண்ணுவான்னு கேட்டாங்க."

"கெல்வின்கிட்ட நான் பேசுறேன், விடு," என்றாள் நெவா.

இன்று காலையிலிருந்து கெல்வினிடம் நிறையவே பேசினாள். மழை வருமா என்று பேசினாள். அவன் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வளை தோண்டும் வோம்பட் என்ற கொழுத்த பிராணியைப்பற்றி அரைமணி நேரம் பேசினாள். பிரையனி கவிழ்த்துப்போட்ட பால் கூடைமேல் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரொட்டியில ஒண்ணு வச்சுத் தரட்டுமா, திருப்புளி?" என்றான் கெல்வின்.

"வெங்காயத்தோட," என்றாள் அவள். சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு உலங்காங்கிலிருந்து மார்னி என்ற பெண் வந்தாள். மின்சார வேலை பழகுபவள். கையில் தன் பூட்ஸ். வரிசையில் இருந்த எதையும் பார்க்காமல் நேராக உள்ளே போய் ஊதா ஜோடியைத் தொட்டாள்.

"இது எனக்கு வேணும், நெவா. ஆனா பத்துல வச்சுக் குடுங்க. இப்ப இருக்கறது தாவுறப்பல்லாம் கழண்டு விழுது, மானம் போகுது."

நெவா ஜோடியை இறக்கினாள். ஏழாயிரம் முறை திறந்த வாய் தானாகத் திறந்தது. "இது என் மகளோடது, செல்லம். ஏழுல வச்சுக் குடுத்தேன். போட்டியன்னிக்குக் காலையில..."

பால் கூடை கிரீச்சென்றது. பிரையனி எழவில்லை, ரொட்டியை மட்டும் கீழே வைத்தாள்.

"காலையில?" என்றாள் மார்னி.

"காலையில எப்படியோ எண்ணு ஏறிடுச்சு."

"எப்படியோன்னா? அது தானா சுத்தாதே. யாரு ஏத்தினது?"

நெவா காப்பிக் குவளையை எடுத்தாள். காலியாக இருந்தது. காலிக் குவளையிலிருந்தே ஒரு வாய் குடித்தாள். வேலிப்பக்கம் கெல்வின் வழக்கம்போல உதவிக்கு வந்தான்: "அதோ உட்கார்ந்திருக்காளே, திருப்புளி! அவளையே கேளும்மா!"

பிரையனி அவனைப் பார்க்கவில்லை. தாயை மட்டும் பார்த்தாள். ஒன்பது வருடமாகப் பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்பவளைப்போல, அவசரமில்லாத பார்வை.

"அவ இல்ல," என்றாள் நெவா. கெல்வினுக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு குரல் தேய்ந்தது. "நான்தான். முந்தின வாரப் போட்டியில இவ பலகை ஒண்ணு நடுவானத்துல கழண்டு விழுந்துச்சு. நெவா மாட்டினது கழண்டுதுன்னு பட்டறை முழுக்கச் சிரிச்சானுங்க. அதனால அன்னிக்கு கார் நிறுத்துற இடத்துல, கொஞ்சம்... கால்வாசி சுத்து. வெறும் கால்வாசி. அதுக்கு மேல இல்ல."

வேலிக்கு அந்தப் பக்கம் அடுப்பில் சாசேஜ்கள் கருகும் வாசனை வந்தது. மார்னி குனிந்து, சன்னலுக்குள் பதினொன்றில் நிற்கும் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். பிறகு நெவாவைப் பார்த்தாள்.

பிரையனி எழுந்து, அரைக்கணம் தாமதிக்கும் அந்தக் காலோடு வந்தாள். தாயின் விரல்களிலிருந்து திருப்புளியைக் கழற்றி எடுத்தாள்.

"காருக்குள்ள பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருந்தேன், அம்மா. கண்ணாடியில உன் கை தெரிஞ்சுது. உன் கை தப்பு பண்ணாதுன்னு நம்பி அன்னிக்குப் பேசாம இருந்துட்டேன்."

பலகையைத் தன் மடியில் குறுக்காகக் கிடத்தினாள். திருப்புளியை நுழைத்து, இடப்பக்கமாகச் சுற்றினாள். ஒன்பது வருடத் துரு கிரீச்சிட்டது.

"ஒண்ணு," என்றாள், கெல்வினுக்கும் கேட்கும்படி. "ரெண்டு. மூணு."

கோடு எட்டில் நின்றது, ஏழுக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி. நெவா கையை நீட்டினாள், போதும் என்பதுபோல.

"நாலு," என்றாள் பிரையனி.