இருவரும் விட்ட சோறு

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

எனக்கும் மச்சானுக்கும், அதாவது என் மனைவியின் தமையனுக்கும், ஒரே காலத்தில்தான் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்டது. ஒரே தோணியில் வாவியில் மீன் பிடிக்கிறவர்கள் நாங்கள். கிளினிக்கில் யாராவது கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கும் சேர்த்து மச்சான்தான் பேசுவார். சில மாதங்களில் என் மருந்துக் குளிசையையும் அவரே எடுத்து வருவார். என் வாயையே அவரிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

சோறு மாதிரி மாப்பொருளைக் குறைக்கச் சொன்னார்கள் கிளினிக்கில். மச்சான் சோற்றை ஒரேயடியாக விடுவது என்று பந்தயம் கட்டினார்.

"முதல்ல சோத்துல கை வைக்கிறவன் பொம்பிளையளுக்கு முன்னால தோப்புக்கரணம் போடணும். சரியா மச்சான்?"

அப்போது வாடைக்காற்றுக் காலம், தோணி கரையில் கிடந்தது. வீட்டில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறவனுக்கு அவித்த மீனும் முட்டையும் முருங்கையிலைச் சுண்டலும் போதும். சீனி இறங்கியது. உடுத்த சாரம் இடுப்பில் நிற்கவில்லை. சந்தையில் கண்டவர்கள் எல்லோரும் என்னைத்தான் மெச்சினார்கள்.

காற்று அடங்கியதும் தோணி இறக்கினோம். நெஞ்சளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கிற வேலை. சாப்பாடு மட்டும் மாறவில்லை. கை நடுங்கத் தொடங்கியது. மச்சானிடம் சொன்னேன்.

"பழகிரும். சோத்துப் பேய் உன்ன விட்டுப் போகுதில்லடா" என்று சிரித்தார்.

அவருக்கு நடுங்கவில்லை. நான்தான் பலமில்லாதவன் என்று வெட்கப்பட்டேன்.

ஒரு நாள் நடுவாவியில் கண் இருண்டது. வியர்வை ஊற்றியது. தோணிக்குள் சரிந்தேன். மச்சான் பதறி, தன் பைக்குள் இருந்து ஒரு பொதியை அவிழ்த்து எனக்கு ஊட்டினார். மீன்குழம்பு ஊறிய சிவப்பரிசிச் சோறு. கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது. இந்தச் சோறு யாருக்குக் கட்டியது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளினிக்குக்குத் தனியாகப் போய், நடந்ததைத் துண்டுக் கடதாசியில் எழுதி நேர்ஸிடம் நீட்டினேன்.

நேர்ஸ் ஆச்சரியப்பட்டார். "கடும் வேலை தொடங்கினா காலையிலயும் பகலும் ஒரு பிடி சோறு சேக்கணும், குளிசையையும் டொக்டரிட்டக் காட்டிக் குறைக்கணும். உங்கட மச்சானுக்கு எப்பவோ மாத்தியாச்சு. உங்களையும் வரச் சொல்லி அவரிட்டச் சொன்னனே?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல, மிஸ்."

அங்கே நான் வாய்விட்டுச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

ஏன் சொல்லவில்லை என்று மச்சானிடம் கேட்டேன். "நீ ஊரெல்லாம் நல்ல பேர் எடுத்திட்டாய். நான் தோத்திட்டன் எண்டு எப்பிடிடா சொல்லுற?" என்றார்.

இப்போது தோணி இறக்கும் நாளில் காலையும் பகலும் ஒவ்வொரு பிடி சோறு, கரையில் நிற்கும் நாளில் இல்லை. குளிசையும் குறைந்துவிட்டது. கிளினிக்கில் தட்டுத்தடுமாறி நானே கேட்கிறேன். பிழைப்புக்கு ஒரு தோணிதான் இருக்கிறது, அதனால் சேர்ந்தே போகிறோம். சாப்பிடும்போது மட்டும் அவருக்கு முதுகு காட்டி உட்காருகிறேன். அவர் ஊட்டியதை நான் மறக்கவில்லை. அதே சோற்றைத் தின்றுவிட்டு வந்து என் நடுக்கத்தைப் பார்த்துச் சிரித்ததையும் மறக்கவில்லை.

2024 ஓகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை.