செத்த காலேஜில் எங்கள் மரம்

மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். மியூசியம் என்ற ஒன்றுக்குள் முதன்முதலாக டிக்கெட் வாங்கிக்கொண்டு போனது என் அண்ணனின் கட்டுமரத்தைப் பார்க்கத்தான்.

அடையாறு பக்கம் ஒரு பழைய பங்களாவில் புதிதாகத் திறந்திருந்தார்கள். இந்த ஊரின் வரலாறு மொத்தத்தையும் அதற்குள் வைத்திருப்பதாகப் பேச்சு. எழும்பூர் மியூசியத்தை எங்கள் ஆட்கள் செத்த காலேஜ் என்பார்கள். அதனால் இதுவும் செத்த காலேஜ்தான். நைனா, அம்மா, நான் மூவரும் கிளம்பியபோது குப்பத்து முனையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "இன்னா மச்சி, குடும்பத்தோட செத்த காலேஜுக்கு பிக்னிக்கா?" என்றான். பக்கத்திலிருந்தவன் அவன் தொடையில் ஓங்கி அடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணன் ஐப்பசியில் ஒருநாள் விடியலில் தனியாகக் கடலுக்குப் போனான். கூடப் போகிறவனுக்கு ஜுரம். மதியத்துக்கு மேல் கடல் கெட்டுவிட்டது. மரம் மட்டும் கொட்டிவாக்கம் பக்கம் ஒதுங்கியது. அதுதான் அண்ணியின் ஊர். அவள் தம்பிமார்களே அதை இழுத்துவந்து எங்கள் கரையில் ஏற்றினார்கள். அண்ணன் ஒதுங்கவில்லை.

கடலுக்குப் போகும்போதுதான் மரங்களைச் சேர்த்து, முன்னால் ஒரு கட்டும் பின்னால் ஒரு கட்டுமாகக் கயிற்றால் இறுக்குவோம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவோம். ஒவ்வொரு மரமாகத் தோளில் தூக்கிப்போய் மணலில் காயப்போட வேண்டும். கட்டு அவிழ்ந்துவிட்டதா, போனவன் வந்துவிட்டான். பெண்கள் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பார்கள். அண்ணனின் மரம் கட்டு அவிழாமலே கரையில் கிடந்தது. நைனா ஒருநாள் அவிழ்க்கப் போனார். அம்மா குறுக்கே விழுந்தாள்.

"கட்டனவன் வந்து அவுப்பான். நீ கைய வெச்ச, நானும் கடல்ல வுழுந்துடுவேன்."

அன்றிலிருந்து வீட்டில் யாரும் அழக்கூடாது. கருமாதிப் பேச்சை எடுக்கவே கூடாது. அம்மா தினமும் மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது தண்ணித்துறை மார்க்கெட்டில் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிவந்து, தன் கையாலேயே அண்ணியின் தலையில் வைப்பாள். அண்ணி சுவரைப் பார்த்தபடி தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெருக்குழாயில் மற்ற பெண்கள் அவளுக்கு முதலில் வழிவிட்டார்கள். அப்புறம் ஒதுங்கிக்கொண்டார்கள். அவளுடைய அம்மா கொட்டிவாக்கத்திலிருந்து இரண்டு தடவை கூட்டிப்போக வந்து, வாசலிலேயே சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப்போனாள். ஒருநாள் நான் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "நீ பட்சவன். உங்கம்மாகிட்ட எடுத்துச் சொல்லேன். எனக்கு வேற ஒண்ணும் வேணா. என்ன அழ வுடச் சொல்லு."

நான் அப்போது பி.ஏ. இரண்டாம் வருஷம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன். எதை எடுத்துச் சொல்வது என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பழைய கட்டுமரம் ஒன்று வேண்டும் என்று மியூசியக்காரர்கள் கரைக்கு வந்தார்கள். கடல் கொண்டுபோனவனின் மரத்தை எவனும் கடலில் இறக்கமாட்டான். அடுப்புக்கும் வெட்டமாட்டான். அம்மா மீன் விற்கப் போயிருந்த நேரம் பார்த்து நைனா அதை லாரியில் ஏற்றிவிட்டார். அப்போதுகூட அவருக்குக் கட்டை அவிழ்க்க மனசு வரவில்லை. அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். அம்மா வந்து வெறும் மணலைப் பார்த்தாள். அதன்பிறகு அவரோடு பேச்சில்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. பொங்கல் கழிந்து ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"தம்பி, அங்க அவுத்துட்டாங்களா, அப்டியே கீதா?"

"தெரியலம்மா."

"எனக்குக் காட்டு. அவுத்துட்டாங்கன்னா நான் ஒண்ணும் பேசல. அவுக்கலன்னா அவன் இன்னும் கடல்லதான் கீறான்."

அண்ணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

மியூசிய வாசலில் டிக்கெட் கொடுத்தவர் எங்களைப் பார்த்து, "எந்த ஊர்லருந்து வரீங்க?" என்றார். நைனா, "இதே ஊருதான் சார்" என்றார். அவர் நம்பாத மாதிரி சிரித்தார். மயிலாப்பூர்க் குடும்பம் ஒன்று எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பட்டுப்புடவை கட்டிய ஒரு மாமி, அவருடைய பெண், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை. கைடு எங்களையும் அவர்களோடு சேர்த்துக்கொண்டார். டிராம் வண்டிப் படங்கள், துரைமார்களின் நாற்காலிகள், பீங்கான் தட்டுகள், ஒரு துருப்பிடித்த பீரங்கி. கைடு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருந்தார். அம்மா எதையும் பார்க்கவில்லை. கோயிலில் கூட்டத்துக்குப் பின்னால் நகர்கிறவளைப்போல முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கடைசி அறையில் மரம் இருந்தது.

சுத்தமாகத் துடைத்து, ஏதோ எண்ணெய் பூசி, இரண்டு மரத்தாங்கிகள் மேல் ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு துடுப்பு. சுற்றிலும் சிவப்புக் கயிற்று வேலி. முன்கட்டும் பின்கட்டும் அப்படியே இருந்தன. அண்ணன் பீச்சாங்கைக்காரன். அவன் போடும் முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாக விழும். கரையில் அதை வைத்தே அவனைக் கிண்டல் செய்வார்கள். அந்த முடிச்சும் அப்படியே இருந்தது, உப்பு பூத்துப்போய்.

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"இன்னா எழுதிக்கீது?" என்றாள் அம்மா, பலகையைக் காட்டி.

"கட்டுமரம். முற்காலத்தில் இக்கடற்கரை மீனவர்கள் பயன்படுத்திய மிதவை."

"முற்காலம்னா?"

"முன்னாடிம்மா. ரொம்ப முன்னாடி."

"போன ஐப்பசி அவ்ளோ முன்னாடியா பூட்ச்சு?"

அன்று காலையில்கூட எங்கள் கரையிலிருந்து கட்டுமரங்கள் போயிருந்தன.

மாமிக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. கைடு வாட்ச்மேனிடம் கண்ணைக் காட்டினார். வாட்ச்மேன் வேலிக் கயிற்றை ஒரு பக்கம் கழற்றிவிட்டார். மாப்பிள்ளை உள்ளே போய் மரத்தின் மேல் ஒரு காலை வைத்தார்.

"அந்தத் துடுப்பைப் பிடிச்சுண்டு நில்லுங்கோ மாப்பிள்ளை. கொஞ்சம் சிரிச்ச முகமா. திமிங்கிலம் பிடிக்கப் போறாப்ல இருக்கணும்." அப்புறம் அம்மாவிடம், "கொஞ்சம் நகந்துக்கோங்கோ, நீங்க படத்துல விழறேள்" என்றார். மாமி மரியாதையாகத்தான் சொன்னார்.

அம்மா நகர்ந்தாள். படம் எடுக்கிறவரை காத்திருந்தாள். மாப்பிள்ளை காலை எடுத்ததும் வேலி திறந்திருந்த பக்கமாக உள்ளே போனாள். எங்கள் குப்பத்தில் பொம்பளைகள் மரத்தைத் தொடமாட்டார்கள், தாண்டமாட்டார்கள். பெற்ற பிள்ளையின் மரத்தைக்கூட அவள் அதுவரை தொட்டதில்லை. முன்கட்டின் மேல் கையை வைத்தாள். பிறகு குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"யம்மா! யம்மா! தொடாதம்மா, கவர்மெண்டு பொருளு!" வாட்ச்மேன் ஓடிவந்தார். நைனா அவர் முன்னால் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "எங்க புள்ள மரம் சார். ஒரு நிமிசம் சார். ஒரே நிமிசம்." இத்தனை மாதத்தில் தன்னால் முடியாததை அவள் செய்துகொண்டிருக்கும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மாமி கைடிடம் ஏதோ கேட்டார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டார்.

முன்கட்டு விட்டது. பின்கட்டு சீக்கிரம் வந்துவிட்டது. ஓர மரம் தாங்கியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. பங்களா முழுக்க அந்தச் சத்தம் போயிற்று. அம்மா கயிற்றைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டாள். உதட்டில் ரத்தம்.

சத்தம் கேட்டு அதிகாரி ஒருவர் வந்தார். என் நல்ல தமிழையும் கொஞ்சம் இங்கிலீஷையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவரில்லை. போலீசைக் கூப்பிடவில்லை. "சரி, மனசு புரியுது. ஆனா இது டிஸ்பிளேல இருக்கிற பொருள். பழையபடி கட்டிவெச்சுட்டுப் போங்க" என்றார். வேறு கயிறு கொண்டுவரச் சொன்னார்.

நைனா என் பக்கம் வந்து தணிந்த குரலில், "நீ உங்கம்மாவ வெளிய கூட்டினு போ" என்றார்.

கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். நைனா வர நேரமாயிற்று. வந்தவர் உள்ளங்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். புதுக் கயிறு அறுத்திருந்தது. அம்மா அவரைப் பார்த்து, மரம் லாரியில் போன நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"மரத்த எடுத்து ஒழுங்கா காயப் போட்டியா?"

"போட்டேன்" என்றார் நைனா.

பஸ்ஸில் திரும்பினோம். அடையாறு பாலத்தில் காற்று அடித்தது. மரம் மறுபடியும் கட்டப்பட்டுத் தாங்கிமேல் நிற்பதை நானும் நைனாவும் மட்டும் சுமந்துகொண்டு வந்தோம்.

வீட்டில் அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். தலையில் நேற்றைய கனகாம்பரம். அம்மா மடியை அவிழ்த்துக் கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முடிச்சு கிடந்த இடத்தில் கயிறு இன்னும் நெளிந்தே இருந்தது, எதிர்ப்பக்கமாக.

"யாரு அத்தே அவுத்தது?"

"நான்தான்."

அம்மா அவளைச் சுவரோரம் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். தலையிலிருந்த பூவை எடுத்துக் கீழே வைத்தாள். அண்ணிக்கு உடனே அழுகை வரவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இத்தனை மாதம் அடக்கியதில் மறந்துபோன மாதிரி இருந்தது. அப்போது அம்மா அவள் தோளில் கையைப் போட்டு, ஒப்பாரியின் முதல் அடியைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.