மேனேஜர் என்னை நிற்கச் சொன்ன கதை

"ஆரோக்கியம்மா, நாளையிலேருந்து கிச்சன் வேணாம். நீங்க நின்னுக்கங்க" என்று மேனேஜர் சொன்னபோது வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் கிடந்தது. அதை அரித்து எடுத்துவிட்டுத்தான் திரும்பினேன். அதற்குள் அவர் போன் பேசிக்கொண்டே போய்விட்டார்.

நாச்சியாபுரம் பக்கம் பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அது வந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது. திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போன என் மகள் அமலாகூட, இங்கே லாண்டரியில் வேலை இருக்கிறதென்று திரும்பி வந்துவிட்டாள். நான் சமையல்கட்டில். என் பணியாரத்தை இன்றுவரை ஒருத்தர் குறை சொன்னதில்லை.

பிறகு ஏன் நிறுத்தினார்? கேட்டிருக்கலாம். வேலைக்காக யார் முன்னாலும் போய் நின்று எனக்குப் பழக்கமில்லை. ஏப்ரனை மடித்து, கூட வேலை பார்க்கும் வசந்தாவிடம் கொடுத்தேன்.

"என்ன மதினி, இது?"

"நின்னுக்கச் சொல்லிட்டாக. நின்னுட்டேன்."

"எதுக்காம்?"

"எனக்கென்ன தெரியும்? பணியாரத்தைத்தான் கேக்கணும்."

மறுநாள் காலையில், வேறு வேலை தேடித் திருப்பத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேனேஜர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சென்னைக்காரர். வேர்த்து வழிந்தது.

"என்னம்மா இது! கெஸ்ட் வந்துட்டாங்க, வாசல்ல ஆளைக் காணோம்!"

"நீங்கதானே நின்னுக்கச் சொன்னீக?"

"ஆமா, வாசல்ல நின்னுக்கங்கன்னு சொன்னேன்!"

"வாசல்னு எங்க சொன்னீக? மொட்டையா நின்னுக்கங்கன்னீக. அப்படிச் சொன்னா வீட்டுக்குப் போன்னுதானே அர்த்தம்?"

வீட்டுக்குள்ளிருந்து அமலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, வாசல்ல நின்னு என்ன செய்யணும்?"

"கும்பிடணும். பன்னீர் தெளிக்கணும். சிரிக்கணும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"பணியாரம்?"

"அதை வசந்தா சுடட்டும். உங்களுக்குச் சம்பளம்கூட ஏத்தியிருக்கோம்மா."

அதுதான் பிடிபடவில்லை. அடுப்பில் வெந்ததற்கு ஒரு சம்பளம், சும்மா நிற்பதற்கு அதைவிடக் கூடுதலா? ஓட்டல் போகும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து யோசித்தேன். விளங்கவில்லை. அன்று வந்தவர்கள் என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் சுட்டதைத் தின்றபோது ஒருவரும் என்னோடு போட்டோ எடுத்ததில்லை.

இப்போதும் வாசலில்தான் இருக்கிறேன். தெருவில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. "நிக்கிறேன்" என்றால், "அடப்பாவமே, எப்ப நின்னீக?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்கிறார்கள்.

ஓட்டலில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நிற்கச் சொன்னால், எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவம் குறையாது. இது ஒரு வேலைதானா என்பதை மட்டும் யாரிடம் கேட்பதென்று எனக்கே இன்னும் தெரியவில்லை.