நானோ யூரியாவும் பிரிக்காத மாஸ்க்கும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாபநாசம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். ஆயுசில் பாதி பிள்ளைகளிடம் கத்தியே போயிற்று, மீதி வீட்டுக்காரரிடம்.

போன வருஷம் சம்பாப் பயிர் வெளிற ஆரம்பித்ததும், அவர் உரக்கடையிலிருந்து இரண்டு நானோ யூரியா பாட்டில் வாங்கி வந்தார். "ஒரு மூட்டை யூரியா செய்ற வேலையை ஒத்த பாட்டில் செய்யுமாம் டீச்சர்!" வீட்டிலும் நான் டீச்சர்தான். அப்படி ஒரு நக்கல்.

நான் விடுவேனா? "அது சாதாரணப் பொடிசு இல்லீங்க. இலையில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்குல்ல, அதுக்குள்ளயே புகுந்துடும். பயிருக்கு நல்லதுதான். ஆனா தெளிக்கிறப்ப மூச்சுல போனா நுரையீரலை என்ன பண்ணும்னு முழுசா யாருக்கும் தெரியாது. உங்களுக்கோ வீசிங் வர்ற உடம்பு. மாஸ்க் போடாம தெளிச்சீங்க, தெரியும் சேதி!" மூன்று நாள் இதே பாட்டு.

நாலாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒரு பாட்டில் காலி. நான் வாங்கி வைத்த மாஸ்க் பாக்கெட் பிரிக்காமல் கிடக்கிறது.

"தெளிச்சாத்தானே மூச்சுல போகும்? மடைவாயில ஊத்திட்டேன். தண்ணியோட வயல் பூரா பாஞ்சிடும்" என்றார். எங்கள் பக்கம் வேப்பம்புண்ணாக்கைச் சாக்கில் கட்டி மடைவாயில் போடுவார்கள். அதே கணக்கு.

"ஐயோ கடவுளே! அது இலைக்குத் தெளிக்கிறதுங்க! தண்ணியில ஊத்தினா விழலுக்கு இறைச்ச நீர்தான்!"

மறுநாள் லீவு. விடிந்ததும் இரண்டாவது பாட்டிலோடு அவரை வயலுக்கு இழுத்துப் போனேன். ஸ்பிரேயரை முதுகில் மாட்டி, மாஸ்க்கை நானே காதில் கோத்துவிட்டேன். "ம், நடங்க!"

பத்தடி போனார். மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆரம்பிச்சாச்சா நாடகம்?"

"மாஸ்க் இல்லாமலே ஒரு மாசமா மூச்சு வாங்குது. அதைப் போட்டா சுத்தமா முடியல" என்றார். "சொல்லலாம்னு பாத்தா, நீ நானோவைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தே."

பயிராவது ஒன்றாவது என்று ஸ்பிரேயரை வரப்பிலேயே போட்டுவிட்டுத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நடந்தா வாங்குதா, ராத்திரி படுத்தாலும் வாங்குதாம்மா?"

பக்கத்தில் படுக்கிறவள் நான். எனக்குத் தெரியவில்லை.