எட்டா, ஒன்பதா, பத்தா

கதவைத் திறந்தேன். மாடி வீட்டு அக்கா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையில் உப்பிப்போன பால் பாக்கெட் ஒன்றைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் நுனியில் பிடித்தபடி நின்றார்.

“இன்னா கண்ணு இது? தூத் பந்த் பண்ணிட்டுதானே போனேன்? வந்து பாத்தா வாசல்ல பிஷவி நிறைய பால் பாக்கெட்டா தொங்குது. சொசைட்டி பூரா நாறுது!”

அக்காவின் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அக்கா பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாமே புனேயில்தான். அவர் பேச்சில் தமிழும் இந்தியும் மராத்தியும் ஷேர் ஆட்டோவில் போவதுபோல இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடக்வாஸ்லாவில் மகள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு அன்று காலைதான் நாங்கள் குடியிருக்கும் வானவடிக்குத் திரும்பியிருந்தார்.

என்னிடம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் பாலை வாங்குவதும் நிறுத்துவதும் ஒரு போன் செயலியில்; அதை உருவாக்கியது எங்கள் அலுவலகம். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த புதிதில், பெருமையோடு அதை அக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்ததே நான்தான்.

“எத்தனை மணிக்குங்க்கா நிறுத்துனீங்க?”

“நைட்டு சாப்ட்டு முடிச்சி, ஒம்போதரை இருக்கும். பச்சை டிக்கு போட்டு, நாளைலேர்ந்து பால் வராதுன்னு காட்டுச்சே!”

ஒன்பதரை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பாலை நிறுத்த எட்டு மணிதான் கடைசி நேரம் என்பது என் ஞாபகம்.

ஏரவாடா தாண்டி இருக்கும் அலுவலகத்துக்குப் போனதும் தேட ஆரம்பித்தேன். எங்களிடம் இருந்தவை மூன்று நிரல்கள். ஒன்று போன் செயலி. இன்னொன்று இணையதளம். மூன்றாவது சர்வரில் ஓடி, கோரிக்கைகளை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுப்பது; அது என் பொறுப்பு. அந்தக் கடைசி நேரத்தை மூன்றிலும் யாரோ தனித்தனியாகக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். போனில் பத்து. இணையதளத்தில் ஒன்பது. என்னுடையதில் எட்டு. அக்கா பொத்தானை அழுத்தியதும் போன், நேரம் இருக்கிறது என்று தானே தீர்மானித்து டிக் போட்டுவிட்டது. சர்வர், நேரம் முடிந்தது என்று தள்ளிவிட்டது. தள்ளியதைப் போன் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

போன் செயலியைப் பார்த்துக்கொண்டவர் சாத்தாராக்காரர். எதிர் மேஜை.

“என் பக்கம் சரியா இருக்கு,” என்றார்.

“என் பக்கமும் சரியாத்தான் இருக்கு,” என்றேன்.

எங்கள் சண்டை இந்தியில் நடந்தது. கோபம் வந்தால் என் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் கலைந்துவிடும். நான் சர்வரைப் பெண்ணாக்கி, அவரையும் பெண்ணாக்கிப் பேசியதில் மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சண்டை போடுகிறவரிடம் எவ்வளவு நேரம் கோபமாக இருப்பது?

எங்கள் மேனேஜர் நாக்பூர்ப் பெண்மணி. “சரி, இதுல எது உண்மையான நேரம்?” என்று கேட்டார். இருவரும் அவரவர் திரையைக் காட்டினோம். பால் டெப்போவுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“எட்டரை, மேடம்,” என்றது அந்தப் பக்கத்துக் குரல். “மாறி ரொம்ப நாளாச்சே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

மேனேஜர் குடித்துக்கொண்டிருந்த சாயா மூக்கில் ஏறும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனிமே ஒரு நேரம் ஒரு இடத்துலதான் இருக்கணும். யார் செய்றீங்க?” என்றார். நான் கையைத் தூக்கினேன்.

எழுதிய நிரலைக் கடைசியில் ஓடக்கூடிய ஒன்றாகக் கட்டியெடுக்கும் வேலையை நாங்கள் பில்ட் என்போம். என் யோசனை இதுதான்: கடைசி நேரம், ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் எத்தனை பாக்கெட் போன்ற பொதுவான மதிப்புகளை ஒரே கோப்பில் எழுதிவிடுவது. ஒவ்வொரு பில்டின் தொடக்கத்திலும் ஒரு சின்ன நிரல் அதைப் படித்து, மூன்று நிரல்களுக்கும் அதனதன் கணினி மொழியில் தனிக் கோப்பு எழுதிக் கொடுத்துவிடும். கையால் எழுதும் வேலையே கிடையாது.

சொல்லும்போது சுலபமாக இருந்தது. முதல் பில்டிலேயே, ‘08’ என்று எட்டுக்கு முன்னால் நான் போட்டிருந்த பூஜ்யத்தை ஏற்க மாட்டேன் என்று போன் செயலியின் மொழி முறைத்தது. நேரத்தையே நிமிடக் கணக்காக மாற்றி எழுதிய பிறகுதான் மூன்று மொழிகளும் சமாதானமாயின. மூன்று திரைகளிலும் ஒரே எட்டரையைப் பார்த்தபோது எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் சாத்தாராக்காரர் விறைப்பாக வந்தார். “நான் சேத்த வரியைக் காணோம். யார் அழிச்சது?”

அவர் கையை வைத்திருந்தது, பில்ட் எழுதிக் கொடுத்த கோப்பில். அடுத்த பில்ட் அதை மறுபடி புதிதாக எழுதிவிட்டது.

“மேலயே எழுதியிருக்கே, பாக்கலையா? ‘இந்தக் கோப்பைக் கையால் தொடாதே.’”

“அதையெல்லாம் யார் படிப்பாங்க?” என்றவர், வரியைக் கொண்டுபோய்ப் பொதுக் கோப்பில் போட்டார். பிறகு யோசித்து, “அங்க தப்பா எழுதினா எல்லாருக்குமே தப்பாகுமே?” என்றார்.

“ஆகும். ஆனா எல்லாரும் ஒரே மாதிரி தப்பா இருப்போம். உடனே மாட்டிக்குவோம்.”

தலையாட்டினார். அடுத்துக் கேட்டதுதான் என்னை உட்கார வைத்தது. “பில்டுல போன நேரம் போனுக்குள்ள உறைஞ்சிடுது. செயலியை அப்டேட்டே பண்ணாதவங்க கதி?”

வழியையும் அவரே கண்டுபிடித்தார். சர்வரின் பதில் வரும்வரை போன் டிக் போடாது என்று மாற்றினார். உண்மையில் அக்காவின் பாலைக் காப்பாற்றும் பாதி வேலை அதுதான்.

சில வாரம் கழித்து அக்காவைப் படிக்கட்டில் பார்த்தேன்.

“இப்ப உன் ஆப்பு மூஞ்சிக்கு நேரா ‘டைம் முடிஞ்சிபோச்சி’ங்குது கண்ணு. பரவால்ல, அச்சா இருக்கு. பொய் சொல்லாம இருந்தா போதும்.”

விநாயகர் விசர்ஜனம் வந்தது. சாலைகளை மூடுவதால் வண்டிகள் முன்னதாகவே கிளம்பும், முந்தின நாள் மாலை ஐந்து மணியோடு கோரிக்கை வாங்குவதை நிறுத்திவிடுங்கள் என்றது டெப்போ. ஒரே ஒரு வரியை மாற்றி பில்டை ஓட விட்டேன். அன்று மாலை நானும் சாத்தாராக்காரரும் மேனேஜரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்தடித்ததும் எல்லாப் பக்கங்களும் அமைதியாக மூடிக்கொண்டன. ஒரு புகார்கூட வரவில்லை.

“நாளைக்கு ஊர்வலம் பாக்க வர்றீங்கதானே?” என்றார் சாத்தாராக்காரர்.

“கூட்டம்னா எனக்கு ஆகாது.”

“புனேல இருந்துட்டு இப்படிச் சொன்னா எப்படி?” என்று மேனேஜரும் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் அவர்களோடு போனேன். தோல் வாத்தியக் குழு நெருங்க நெருங்க, அந்தச் சத்தம் காதில் கேட்பதை விட்டு விலா எலும்புக்குள் அதிர ஆரம்பித்தது. காற்றெல்லாம் குலால் வண்ணப்பொடி. மேனேஜர் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கியவர், திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு ஆடத் தெரியாது என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. ஆடினேன்.